ரெண்டு மாசம் அந்த மாத்திரைய நிறுத்திட்டேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மார்பகப் புற்றுநோய்ல இருந்து மீண்டு வந்த பொம்பளைங்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லார் கதையும் ஆபரேஷன், கீமோ, கரண்டு (கதிர்வீச்சத்தான் நாங்க அப்படிச் சொல்லுவோம்) வச்சதோட முடிஞ்சு போச்சு, அப்புறம் சந்தோஷமா இருக்காங்கன்னு போட்டுட்டீங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் தெனம் ஒரு மாத்திரை முழுங்குறோமே, அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அதான் எழுதுறேன். நான் எழுத்துக்காரி இல்ல, கம்பத்துல ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில வேல பாக்குறவ, தப்பு இருந்தா திருத்திக்கங்க.

எனக்கு 2021ல வலது மார்புல கட்டி வந்துச்சு, அப்ப வயசு 51. ஆபரேஷன் ஆச்சு, கீமோ 8, கரண்டு 15. எல்லாம் முடிஞ்சதும் எங்க வீட்டுக்காரர் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்ட மாதிரி சித்திரையில அக்கினிச்சட்டி எடுத்தாரு. சட்டி எடுத்தது அவரு, சூடு ஏறுனது எனக்கு. எங்க தெருவுல இத இன்னமும் சொல்லிச் சிரிப்பேன், அப்ப சிரிப்பு வரல.

கரண்டு முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரியில லெட்ரசோல் 2.5 மில்லிகிராம்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. தெனம் ஒண்ணு, 5 வருஷம், விடாமப் போடணும். அம்புட்டுதான் சொன்னாங்க. பின்னாடி நாப்பது பேரு நிக்கிறாங்க, நானும் சரிங்க சார்னு வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன். மதுரையில இருந்து கம்பம் வர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், பஸ்ஸுல அந்த அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், பூராம் இங்கிலீஷு.

மூணாவது மாசம் ஆரம்பிச்சுச்சு. காலையில எந்திரிச்சா கைவெரலு மடங்காது. பாயில இருந்து எந்திரிக்க செவுத்தப் புடிக்கணும், பாதம் தரையில பட்டா முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்கும், ஒரு பத்தடி நடந்தா கொஞ்சம் வழிக்கு வரும். என் வேல என்னன்னா சொளகுல காயப் பரப்பிப் போட்டு வெடிச்சது, வெளுத்தது, சொத்தை எல்லாம் வெரலால தள்ளி எடுக்கணும். 8 எம்எம் காய்னா அதுக்குத் தனி வெல, அது கூட ஒரு வெளுத்த காய் கலந்துச்சுன்னா மொதலாளி மொகம் மாறிடும். எனக்குக் கண்ணு தெரியுது, எந்தக் காய் சொத்தைன்னு தெரியுது, வெரலு போக மாட்டேங்குது. கட்டை வெரலு மடங்குனா மடங்குனபடியே நிக்கும், மறு கையால புடிச்சு இழுத்தா டக்குன்னு ஒரு சத்தத்தோட நிமிரும். பக்கத்துல இருந்த பிள்ள அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு என்னத்தக்கா ஒடைக்கிறீங்கன்னு கேட்டா.

இது மாத்திரையால வர்றதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வயசாயிருச்சுன்னு நெனச்சேன், அக்கம்பக்கத்துல கீமோ சூடுன்னாங்க, ஒருத்தி சிக்குன்குனியாவா இருக்கும்னா, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுல இருந்து மொகம் வரைக்கும் குப்புன்னு ஏறும், ரவிக்கை நனைஞ்சிடும், அடுத்த நிமிஷம் குளுரும். மாடிப்படியில போயி உக்காந்துக்கிட்டு விடியிறதப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

அப்ப ஒரு தீவாளிக்கு மாத்திரை தீந்து போச்சு, மதுரைக்குப் போக முடியல, ஒரு மூணு வாரம் போடாமக் கெடந்தேன். வெரலு லேசாச்சு. தூக்கம் வந்துச்சு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அதுக்கப்புறம் மாத்திரை வாங்கிட்டு வந்தும் போடல, அட்டை அட்டையா ரவா டப்பாவுக்குள்ள போட்டு வச்சேன், மொத்தம் ரெண்டு மாசம். செக்கப்புக்குப் போனப்ப மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மான்னு கேட்டாங்க, போடுறேன் சார்னேன். கேள்வி அம்புட்டுதான், பதிலும் அம்புட்டுதான்.

என்னையக் காப்பாத்துனது குமுளிக்காரச் சேச்சி ஒருத்தங்க. அவங்களும் மதுரைக்குத்தான் வருவாங்க, கீமோ ஏத்துறப்பப் பக்கத்துக் கட்டிலு, அரைத் தமிழும் அரை மலையாளமுமா அப்படி ஒரு சிநேகம். அவங்க அம்மா படுத்த படுக்கை. கேரளாவுல அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பஞ்சாயத்துல இருந்து பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது நோயாளியோட வலி, வேதனையத் தணிக்கிற நர்ஸ், வீட்டுக்கே வருவாங்க, அந்த மாநிலத்துல 2008லயே இதுக்குன்னு ஒரு கொள்கை போட்டுட்டாங்க. அம்மாவப் பாக்க வந்த நர்ஸு மக கையப் பாத்துட்டு நீ லெட்ரசோல் போடுறியான்னு கேட்டிருக்காங்க. இது அந்த மாத்திரையோட வேலைதான், நெறைய பேருக்கு வரும், நீயா நிறுத்தாத, டாக்டர்கிட்டச் சொல்லு, வழி இருக்குன்னு சொன்னாங்களாம். அத எங்கிட்டச் சொன்னப்ப நான் ரவா டப்பாவப் பத்திச் சொல்லிட்டு அழுதுட்டேன். சாரமில்ல, சாரமில்ல (பரவாயில்லன்னு அர்த்தம்), உள்ள போயி அப்படியே சொல்லுன்னு தள்ளி விட்டாங்க.

உள்ள போயிச் சொன்னேன். டாக்டர் திட்டல. ஏம்மா மொதல்லயே சொல்லலன்னாரு, நீங்க கேக்கலயே சார்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஆனா அன்னிக்குப் பத்து நிமிஷம் உக்கார வச்சு வெளக்குனாரு. அது எனக்குப் புரிஞ்ச விதத்துல சொல்றேன், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மொல்லைப் பெரியாத்துத் தண்ணியத்தான் சொல்லணும். எங்க கட்டி ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோனக் குடிச்சு வளருற ஜாதி, களை தண்ணிய உறிஞ்சுற மாதிரி. மாதவிடாய் நின்னவங்களுக்குச் சினைப்பையில இருந்து அது வராட்டியும் கொழுப்புல இருந்து கொஞ்சம் ஊறிக்கிட்டே இருக்கும். லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் இந்த மூணும் அந்த மதகையே மூடிடும். களை காயும், வாஸ்தவம்தான், ஆனா அதே தண்ணியில பொழைச்ச மூட்டு, எலும்பு, தோலு எல்லாம் சேந்து காயுதுல்ல, அந்த வலிதான் இது.

இதே ஜாதிக் கட்டிக்கு டமாக்சிஃபென்னு இன்னொரு மாத்திரையும் குடுப்பாங்க, அது வேற மாதிரி. அது மதக மூடாது, களை நிக்கிற வயலோட வாய்மடையில மட்டும் மண்ணப் போட்டு அடைக்கும். ஆனா கர்ப்பப்பை வயலுக்கு அதுவே கொஞ்சம் தண்ணி விட்டுரும். அதனால அது போடுறவங்களுக்கு உள்சவ்வு தடிக்கலாம், அபூர்வமா அங்க புற்று கூட வரலாம். எங்க வார்டுல இருந்த ஒரு அக்காவுக்கு மாதவிடாய் நின்னு ஏழு வருஷம் கழிச்சு ரத்தம் பட்டுச்சு, உடம்பு தேறிருச்சு போலன்னு சும்மா இருந்துட்டாங்க. நல்லவேள, மக கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தா, வெறும் சதைதான். ஆனா டமாக்சிஃபென் போடுறப்ப ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டிடணும்னு டாக்டர் சொன்னாரு. ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சாலும், திடீர்னு மூச்சு வாங்குனாலும் அன்னிக்கே ஓடணும், ரத்தம் கட்டியிருக்கலாம். மனசு சரியில்லன்னு வேற டாக்டர்கிட்டப் போனாலும் டமாக்சிஃபென் போடுறேன்னு மொதல்ல சொல்லிடணும், ஃப்ளுவாக்ஸடின், பராக்ஸடின் மாதிரி சில மாத்திரை இத வேல செய்ய விடாதாம்.

சரி, எனக்கு என்ன பண்ணாங்கன்னா, இன்னும் ரெண்டு வாரம் மாத்திரைய நிறுத்தியே வைக்கச் சொன்னாங்க. நான் திருட்டுத்தனமாப் பண்ணதையே அவங்க சீட்டுல எழுதிக் குடுத்து அப்புறம் அனாஸ்ட்ரசோல் 1 மில்லிகிராமுக்கு மாத்துனாங்க. ஒருத்தருக்கு ஒண்ணு ஒத்துக்காட்டி இன்னொண்ணு ஒத்துக்கும்கிறாங்க. எனக்கு முழுசாப் போகல, பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. கூடவே நடக்கச் சொன்னாங்க, வாரத்துக்கு 150 நிமிஷம். வலிக்குதுன்னுதான வந்திருக்கேன், நடக்கச் சொல்றாங்களேன்னு கோவமா வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு, நடந்த அன்னிக்கு வெரலு கூட நல்லா மடங்குது, அது எப்படின்னு கேக்காதீங்க. காலையில வெந்நியில கையப் போட்டு பத்து நிமிஷம் தொறந்து மூடுவேன், அப்புறந்தான் சோத்துக்கே அரிசி அளப்பேன். எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தாங்க, தேய ஆரம்பிச்சிருக்கு, கால்சியமும் வைட்டமின் டியும் போடுறேன், ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசிக்கு முன்னாடி சொத்தைப் பல்லு இருந்தாச் சரி பண்ணிட்டு வரச் சொன்னாங்க. சூட்டுக்குப் பருத்திச் சேலை, தலமாட்டுல ஒரு ஈரத்துண்டு, சாயங்காலத்துக்கு மேல டீ கிடையாது. அதுக்கும் அடங்காதவங்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரை இருக்கு, கேட்டா எழுதித் தருவாங்க. ஆனா மாதவிடாய் நின்ன சூட்டுக்குன்னு வெளிய குடுக்குற ஹார்மோன் மாத்திரை மட்டும் நமக்கு ஆகவே ஆகாது, மதக மூடிட்டுக் கொடத்துல தண்ணி கொண்டாந்து களைக்கு ஊத்துற மாதிரி.

இன்னொண்ணும் இருக்கு, எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அடியில தோலு வறண்டு போயி எரியும், வீட்டுக்காரர் கூட இருக்குறதுன்னா பயமா இருக்கும். இத ஆம்பள டாக்டர்கிட்ட எந்தப் பொம்பள சொல்லுவா? நான் ஒன்றரை வருஷம் சொல்லல, வீட்டுக்காரரு எனக்கு அவரப் புடிக்கலன்னே நெனச்சுட்டாரு, பாவம். கடைசியில ஒரு நர்ஸ் தங்கச்சிகிட்டச் சொன்னேன், தண்ணியில ஆன ஜெல்லு மெடிக்கல்லயே கெடைக்குது, கூச்சப்படாமக் கேளுங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. ஹார்மோன் கலந்த க்ரீம் மட்டும் கேன்சர் டாக்டரக் கேக்காம வாங்கக் கூடாதாம். ஒரு ட்யூபு சமாச்சாரம், அதுக்கு ஒன்றரை வருஷம் ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துப் படுத்திருந்தோம்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஏன் போடணும்னு கேப்பாங்க. இந்த ஜாதிக் கட்டி பல வருஷம் கழிச்சும் திரும்ப வரும். டமாக்சிஃபென் அஞ்சு வருஷம் போட்டா இந்த நோயால சாகுற ஆபத்துல மூணுல ஒரு பங்கு கொறையுதுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க, எங்க மாத்திரையும் அதுக்குக் கொறஞ்சது இல்லைங்கிறாங்க. அத மொத நாளே எங்கிட்டச் சொல்லியிருந்தா ரவா டப்பாவுல போட்டிருப்பேனா?

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லைங்க ஐயா. செக்கப்புல மாத்திரை போடுறியான்னு கேக்குறதுக்குப் பதிலா மாத்திரை என்ன பண்ணுதுன்னு கேக்கச் சொல்லுங்க. மாத்திரையோட தமிழ்ல ஒரு துண்டுச்சீட்டு, என்னென்ன வரும், எது வந்தா ஓடி வரணும்னு. எங்க மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை குடுக்க மக்களைத் தேடி மருத்துவம் தங்கச்சி மாசாமாசம் வீட்டுக்கு வருது, 2021ல இருந்து அந்தத் திட்டம் இருக்கு, அது எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போகுது. அந்தப் பிள்ளைக்கு இந்த மாத்திரைங்க பேரையும் சொல்லிக் குடுத்து, உங்க வீட்டுல யாரும் இது போடுறாங்களா, கை கால் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாப் போதும். குமுளியில நடக்குறது இருபது சொச்சம் கிலோமீட்டர் எறங்கி வர முடியாதா?

நீங்களும் அடுத்த அக்டோபர்ல பிங்க் ரிப்பன் போட்டு எழுதுறப்ப இந்த அஞ்சு வருஷத்துக்கும் கொஞ்சம் எடம் குடுங்க. எனக்கு இன்னும் ஒரு வருஷமும் சில மாசமும் பாக்கி இருக்கு, அதுக்கு மேலயும் போடச் சொன்னாலும் சொல்லுவாங்களாம்.

என் பேரப் போட வேணாம். எங்க கடையில பேப்பர் வாங்குறாங்க, கட்டை வெரலு சத்தத்த வச்சே கண்டுபுடிச்சிருவாங்க, அது வேற விஷயம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கம்பம், தேனி மாவட்டம்.