அந்தச் சிறு அட்டையை அவர்கள் கையில் கொடுங்கள்

நெல்லைச் சீமையில் மார்பகப் பெரிதாக்க அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், அதற்கான மருத்துவமனைகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர்; பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆபரேஷன் தியேட்டரில் கழித்தவள். என் அக்காள் மகளுக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்ததால் இம்மடலை எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தபின் மார்பு தளர்ந்துவிட்டது என்று மனம் குன்றியிருந்த அவள், ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பைப் பெரிதாக்க உள்ளே சிலிகான் பை வைத்துக்கொண்டாள். சென்ற ஆண்டு இடப்பக்கம் இறுகி வலி கண்டது. வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். உள்ளே இருக்கும் பை எந்த நிறுவனத்துடையது, அதன் மேற்புறம் வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பதைத்தான் அவர் முதலில் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. சிகிச்சை செய்த இடத்தில் விசாரித்தால், அவ்வளவு பழைய கேஸ் ஷீட் இப்போது இல்லை என்றார்கள்.

பையின் பெட்டியோடு நிறுவனத்தின் பெயர், வகை, அளவு, வரிசை எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறீர்கள். இன்னொன்றை ஓர் அட்டையில் ஒட்டி, வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆனால் சிலிகான் பை வைத்தவர்கள் அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் முதல் ஸ்கேனை ஐந்தாறு ஆண்டுகளிலும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. ஆக, உங்கள் அலமாரியிலிருந்து அந்த ஆவணம் கழிக்கப்பட்ட பிறகுதான் அதற்கே வேலை வருகிறது. அந்நாளில் அவளுக்கு அட்டையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

மேற்புறத்தைப் பற்றிய கேள்வியும் வெறும் சம்பிரதாயமன்று. பையைச் சூழ்ந்து வளரும் தழும்புத் திசுவில், அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் சொரசொரப்பான பைகளோடு தொடர்புடையது. 2019ஆம் ஆண்டில் அல்லர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது அதனால்தான். உடலில் இருப்பது எந்தப் பை என்றே அறியாத பெண், அப்படியொரு அறிவிப்பு வந்தால் அது தனக்குரியதா என்று எப்படித் தெரிந்துகொள்வாள்?

அடுத்தது, ஒப்புதல் படிவம். "அதுல என்ன எழுதியிருந்துச்சின்னு நான் பாக்கவே இல்ல சித்தி. கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டேன்" என்றாள் என் மகள் போன்றவள். அவளிடம் நீட்டப்பட்டது ஆங்கிலப் படிவம்; நீட்டப்பட்டதோ ஸ்ட்ரெச்சர் காத்திருந்த காலைப் பொழுதில். சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்து தரும் சம்மதமே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 2021 முதல், ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் பட்டியலை நோயாளிக்குக் கொடுக்கும் இடங்களுக்கு மட்டுமே இந்தப் பைகளை விற்க முடியும். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பேருந்தேறி வரும் பெண்ணுக்கு, அப்படியொரு பட்டியல் தமிழில், குறைந்தது ஒரு வாரம் முன்பாக, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கும்படி கிடைக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

இந்தப் பைகள் ஆயுளுக்கும் தாங்குபவை அல்ல, ஆண்டுகள் ஏற ஏற மறு அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பும் ஏறும் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். பையைச் சுற்றிய திசு இறுகி மார்பு கல்போல் ஆகலாம். சிலிகான் பை கிழிந்தாலும் வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம். காம்பின் உணர்ச்சி மாறலாம். இனிப் பிள்ளை பெற எண்ணியிருப்பவருக்குப் பால் குறையலாம். பையை எடுத்துவிட்டால் மார்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாமலும் போகலாம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கினால் தள்ளிப்போடாமல் வரச் சொல்லுங்கள். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பை இருப்பதை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், ஏனெனில் பை மறைக்கும் திசுவைப் பார்க்கக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். பின்னாளில் வரும் ஸ்கேனும் மறு சிகிச்சையும் பெரும்பாலும் கைக்காசில்தான் நடக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

இச்சிகிச்சையே கூடாது என்பது என் வாதமன்று. புற்றுநோயால் மார்பை இழந்தவர்களும், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர்களும் இதனால் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழகுக்காக மட்டுமே விரும்புகிறவளையும் ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. அந்த ஏளனத்துக்கு அஞ்சித்தான் பலர் வீட்டில்கூடச் சொல்லாமல், துணைக்கு ஆளில்லாமல் உங்களிடம் வருகிறார்கள். கேள்வி கேட்கவும் கூசுகிறார்கள். ஆகவே, அவர்கள் கேட்காததையும் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் படிவம் எழுத ஆளில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். அட்டையை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை