வீங்கும் கைக்கு ஒரு துணை

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டாவில் குறுவை நடவு தொடங்கிவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்த பெண்களுக்கு நிணநீர் வடியும் வழி குறைவதால், அந்தப் பக்கக் கை வீங்கலாம். நடவு வயலில் நத்தை ஓடு அந்தக் கையைக் கீறினாலும் கிருமி ஏறிவிடலாம். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கை சிவந்து சூடானால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மகளிர் குழுக்களில் சிகிச்சை பெற்றவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இரு கைகளையும் அளந்து எழுதிவைக்கலாம்: மணிக்கட்டு, முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. ஒற்றைக் கையால் தனக்குத்தானே அளந்தால் டேப் தளர்ந்து அளவு பொய்க்கும். இரு கைகளுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருத்தி வேண்டும். ஆட்டோக்காரர் எண் அவளிடமும் இருக்கட்டும்.

– வாசகியர், மன்னார்குடி