படிப்பை மூடும் முன் கடைசி மாணவரின் அட்டவணையைப் போடுங்கள்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இரண்டாண்டுப் பட்டமும் தொழில் சான்றிதழும் தரும் நம் கல்லூரிகளில் காலாவதியான படிப்புகளை நிறுத்தத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. இணையப் பக்கங்களில் அனிமேஷனை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயர் மென்பொருளுக்கான ஆதரவை, அதை வெளியிட்ட அடோபியே 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ஃபிளாஷ் அனிமேஷனை நம்பி ஒரு சான்றிதழ் படிப்பை நடத்தினால், பணமும் நேரமும் குறைவாக உள்ள மாணவரின் இரண்டையும் நாம் பறிக்கிறோம். எங்கள் கவலையெல்லாம் மூடுகிற முறையைப் பற்றியது.

தொழிலே போய்விட்டதா, பாடத்திட்டம் மட்டும் பழசாகிவிட்டதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஏர்கண்டிஷனிங் படிப்பை எடுத்துக்கொள்வோம். பழைய ஏசிகளில் குளிரூட்டும் ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரி 1-இல் முடிவுக்கு வந்தன. புதிதாகத் தயாராகும் வீட்டு ஏசிகளில் 2025 தொடக்கத்திலிருந்து, அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ வாயுவுக்கும் இடமில்லை. இப்போது ஆர்-32, ஆர்-454பி வந்துவிட்டன. இவை லேசாகத் தீப்பிடிக்கக்கூடியவை. ஏசியிலிருந்து வாயுவை உறிஞ்சி எடுக்கும் பழைய ரெக்கவரி மெஷினை அப்படியே இவற்றுக்குப் பயன்படுத்த முடியாது, அதற்கென்று வந்த மெஷின் வேண்டும். சிலிண்டர் வாயில் இடது மரை இருக்கும். வழக்கமான பக்கம் திருகினால் ஹோஸ் ஏறாது. ஆய்வகத்தில் இன்னும் ஆர்-22 சிலிண்டரே நிற்கிறது என்றால், மாற்ற வேண்டியது கருவிகளையும் நாலைந்து பாடங்களையும்தான். ஏசி பழுதுபார்க்கிறவருக்கு வேலை எங்கும் போய்விடவில்லை. மருத்துவ பில்லிங்கிலும் இதே கதைதான். நோய்களுக்கான குறியீட்டுப் பட்டியலில் 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்தது. ஐந்து இலக்கம் வரை இருந்த குறியீடு ஏழு எழுத்து வரை நீண்டது. தொழில் அப்படியே இருந்தது, புத்தகம்தான் மாறியது.

எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதை மட்டும் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். வெல்டிங் மாணவர் மூன்று நான்கு பாடம் முடித்து, பட்டறையில் வைக்கும் வெல்டிங் டெஸ்டில் தேறி, வேலைக்குப் போய்விடுவார். உங்கள் அறிக்கையில் அவர் ‘இடையில் நின்றவர்’. உண்மையில் அவர் வந்த காரியம் முடிந்துவிட்டது. தொழிற்கல்விக்கு மத்திய அரசு நிதி தரும் 2018-இன் பெர்கின்ஸ் சட்டப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளூர்த் தேவை மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். அதற்காக முதலாளிகளிடம் திரட்டிய தகவல் ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிறது. அதையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

படிப்பை மூடினால் மிச்சமாகும் பணத்தையும் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டுகிறார்கள். 60 கிரெடிட் (பாட அலகு) கொண்ட இரண்டாண்டுப் பட்டத்தில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்றவை எல்லாத் துறைக்கும் பொது. அந்த வகுப்புகள் எப்படியும் நடக்கும். அந்தப் படிப்புக்கென்று மட்டும் நடக்கும் வகுப்புகளின் செலவே மிச்சம், அதுவும் கடைசி வகுப்பு முடிந்த பிறகுதான். ஆசிரியரை வேறு துறைக்கு மாற்றினால் அவர் சம்பளம் மிச்சக் கணக்கில் சேராது.

மிக அதிகமாகத் தவறு நடப்பது, ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் படித்து முடிக்க வைக்கும் திட்டத்தில். ‘இரண்டு ஆண்டு அவகாசம்’ என்று தீர்மானத்தில் எழுதிவிடுவது எளிது. செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுப்பவர் நான்கு செமஸ்டரில் முடித்துவிடுவார். 9 கிரெடிட் எடுப்பவருக்கு ஏழு செமஸ்டர் ஆகும். பகலில் வேலை பார்த்துக்கொண்டு 6 கிரெடிட் எடுப்பவருக்குப் பத்து செமஸ்டர், அதாவது ஐந்து ஆண்டு. சமுதாயக் கல்லூரியில் பகுதிநேர மாணவர்களே அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்த இரண்டு ஆண்டு யாருக்கு?

பாதியில் விடப்பட்டவர் வேறு படிப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே பன்னிரண்டு முழுநேர செமஸ்டருக்குத்தான். புதுப் படிப்புக்குப் பொருந்தாத கிரெடிட்டுகளுக்காக அதில் கரைந்தது கரைந்ததுதான்.

ஆகவே ஆண்டுக் கணக்கில் தொடங்காதீர்கள். சேர்க்கையை நிறுத்திய அன்றே ஒவ்வொரு மாணவருக்கும் மீதமுள்ள பாடங்களைப் பெயர்வாரியாக எழுதுங்கள். எந்தப் பாடத்துக்கு எது முன்பாடம் என்று பார்த்து, கடைசி மாணவர் முடிக்கும் செமஸ்டரிலிருந்து பின்னோக்கி அட்டவணை போடுங்கள். முதலாண்டுப் பாடம் எந்த செமஸ்டரில் கடைசியாக நடக்கும் என்பதை அப்போதே அறிவியுங்கள். அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. பட்டியலில் இன்று வகுப்பில் இருப்பவர்கள் மட்டும் போதாது. குழந்தை பிறந்தோ வேலை மாறியோ ஒரு வருடம் விலகியிருப்பவர்களும் அதில் வர வேண்டும். அவர்கள் கல்லூரி மின்னஞ்சலைத் திறப்பதில்லை. வீட்டுக்குக் கடிதம் போடுங்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

இறுதி செமஸ்டர் வகுப்பில் நான்கு பேர்தான் இருப்பார்கள். குறைந்தபட்சம் பன்னிரண்டு பேர் என்ற விதியைக் காட்டி டீன் அலுவலகம் அதை ரத்து செய்யும். திட்டம் சரிவது பெரும்பாலும் அங்கேதான். மூடும் படிப்புக்கு அந்த விதி பொருந்தாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். மாற்றுப் பாடம் ஏற்கப்படும் என்றால் அதை எழுத்தில், கையெழுத்தோடு மாணவரின் கோப்பில் வையுங்கள். வாய்மொழி உறுதி ஆலோசகர் மாறியதும் காணாமல் போகும். நிதியுதவி அலுவலகத்தில் படிப்பின் குறியீட்டைக் கடைசி மாணவர் முடித்த பிறகே மூடச் சொல்லுங்கள். கல்லூரி இணையதளத்தில் மட்டும் உடனே மாற்றம் தெரிய வேண்டும், இல்லையென்றால் புதியவர்கள் வந்து விண்ணப்பித்துக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் ‘படிப்பு நிறுத்தம்’ என்ற தலைப்பு வரும்போது, வாக்கெடுப்புக்கு முன் ஒரு தாளைக் கேளுங்கள். மீதமுள்ள மாணவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எந்தப் பாடங்கள் பாக்கி, அவை எந்த செமஸ்டரில் நடக்கும், யார் நடத்துவார் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் தயாராகவில்லை என்றால் தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
சமுதாயக் கல்லூரிப் பாடத்திட்டக் குழுக்களில் பணியாற்றுவோர்