இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம் (நட்சத்திரக் குறிகள் பற்றியும்)

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் மொத்தத்தில் திருப்தியாக இருக்கின்றன. விளையாட்டு விழா மழைத் தொல்லை இல்லாமல் நடந்தது. அறிவியல் கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்துவிட்டன. பேச்சு, ஓவியம், சதுரங்கம் ஆகிய போட்டிகளில் பரிசு வாங்கியவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

சரி, இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பீரியட் எடுக்கப் போன ஆசிரியை கரும்பலகையில் ஒரு வரியைப் பார்த்தார். ‘நீ என்ன பெரிய ***ஆ?’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறது. அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இடைவேளைக்குள் வேறு ஒன்று தெரிந்தது. அந்த வரி பிள்ளைகளின் சொந்தச் சரக்கு இல்லை. முந்தைய நாள் இரவு 9.40-க்கு அதே வகுப்பின் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில், ரிலே ஓட்டத்துக்கு யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற வாக்குவாதத்தில் ஒரு பெற்றோர் இன்னொருவருக்கு எழுதியது அது. சொல் மாறவில்லை. நட்சத்திரங்களின் எண்ணிக்கைகூட மாறவில்லை.

யார் என்று நான் எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்ட இருவரும் வந்து பேசிவிட்டார்கள், அந்த விஷயம் முடிந்தது. ஆனால் இரவு ஒன்பதரை மணிக்குப் பல வீடுகளில் செல்போன் வீட்டுப்பாடத்துக்காகப் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. பெற்றோர் குரூப்பில் வருவதை முதலில் படிப்பது பெற்றோர் இல்லை. இது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த நட்சத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எழுத்துக்குப் பதில் குறி போட்டுவிட்டால் திட்டவில்லை என்று ஆகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எழுதுபவர் கை சுத்தமாக இருக்கிறது. அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லிப் பார்க்க வேண்டிய வேலை படிப்பவருக்குப் போகிறது. ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று தேர்வில் கேட்டால் யோசிக்கிற பிள்ளைகள், இந்த மூன்று நட்சத்திரத்தை ஒரு நொடியில் நிரப்பிவிடுகிறார்கள்.

நான் இருபது வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் என்பதால் பழக்கதோஷத்தில் ஒன்று சொல்கிறேன். சொல்லை மறைத்துச் சொல்வது நமக்குப் புதிது இல்லை. தகுதி வழக்கு என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். சபையில் சொல்லக் கூசும் சொல்லை விட்டுவிட்டு ‘கால் கழுவி வந்தான்’ என்றால் இடக்கரடக்கல். செத்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்றால் மங்கலம். பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் ‘பறி’ என்று சொல்லிக்கொண்டால் குழூஉக்குறி. முதல் இரண்டும் கேட்பவருக்குக் காட்டும் மரியாதை. மூன்றாவது, வெளியாளுக்குப் புரியாமல் பேசும் ஏற்பாடு. பெற்றோர் குரூப்பில் வந்த நட்சத்திரம் இந்த மூன்றில் எதிலும் சேராது. எதிராளிக்குப் புரிய வேண்டும், வலிக்க வேண்டும், ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் ‘நான் அந்த வார்த்தையை எழுதவே இல்லையே’ என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். அடக்கத்தின் வேஷத்தில் வந்த வசை என்றுதான் இதைச் சொல்ல முடியும்.

பிள்ளைகள் இந்தப் பழக்கத்தை எங்கெல்லாம் கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் அறிவியல் விடைத்தாளில் தோலின் படம் வரைந்து, பாகங்களுக்கு அம்புக்குறி போட்டு, அழகான கையெழுத்தில் ‘ம*ர்க்கால்’ என்று எழுதியிருக்கிறான். பேனாவால், மையில், ஒரு நட்சத்திரம். கேட்டதற்கு, ‘அது கெட்ட வார்த்தை சார்’ என்றான். ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம். அதைக் கெடுத்தது புழக்கம்தான். உடம்பில் இருக்கும் ஒன்றின் பழைய, நல்ல பெயரையும் அப்படித் திட்டித் திட்டியே கெடுத்துவிட்டு, இப்போது பாடத்தில்கூட அதை எழுதப் பிள்ளை பயப்படும்படி வைத்திருக்கிறோம்.

இதில் செயலிகளுக்கும் பங்கு உண்டு. சொற்களைப் பிடிக்கும் வடிகட்டிக்கு எழுத்துதான் தெரியும், அர்த்தம் தெரியாது. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். அதன் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது என்பதற்காக, 1996-ல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. வீடியோக்களில் வரும் பீப் ஒலிக்குப் பின்னால் பணம் இருக்கிறது. தொடக்க நொடிகளில் கெட்ட வார்த்தை வந்தால் விளம்பர வருமானம் பாதிக்கும்படி 2022 நவம்பரில் யூடியூப் விதியைக் கடுமையாக்கியது. 2023-ல் கொஞ்சம், 2025-ல் இன்னும் கொஞ்சம் தளர்த்தியது. மரணத்தைப் பற்றிப் பேசினால் வீடியோவை ஒதுக்கிவிடுவார்களோ என்று ஆங்கிலத்தில் ‘அன்அலைவ்’ என்று ஒரு சொல்லையே உண்டாக்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். மங்கலம் மாதிரி தெரியும், ஆனால் இதில் இறந்தவருக்கு மரியாதை எங்கே இருக்கிறது? மெஷினுக்குப் பயம்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னதுகூட இந்தக் கடிதம் எழுதப் போதுமான காரணம் இல்லை. காரணம் ஏழாம் வகுப்பில் நடந்தது.

ஒரு மாணவி வகுப்பாசிரியையிடம் நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். ‘அவன் என்னை குரூப்பில் *** என்று சொல்லிவிட்டான்’ என்று இருந்தது. என்ன வார்த்தை என்று ஆசிரியை கேட்டார். பதில் இல்லை. சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டு என்றார். மறுபடியும் மூன்று நட்சத்திரம். குரூப்பைத் திறந்து பார்த்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. அனுப்பிய மாணவன், ‘சும்மா லூசுன்னுதான் மிஸ் சொன்னேன்’ என்றான். உண்மை தெரிய எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அந்தப் பெண் அதே வகுப்பில், அவனுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு மெதுவாகக் கேட்டபோது, முதலில் வீட்டில்தான் சொன்னதாகவும், அந்த வார்த்தையைச் சொன்ன உடனே ‘பொம்பளப் பிள்ளை வாயில வர்ற வார்த்தையா இது’ என்று அடி விழுந்ததாகவும் சொன்னாள்.

அந்த வீட்டை நான் குறை சொல்ல வரவில்லை. காதில் விழுந்த அதிர்ச்சியில் கை நீண்டிருக்கும். ஆனால் நடந்ததைப் பாருங்கள். திட்டியவனுக்கு நட்சத்திரம் கேடயமாகிவிட்டது, திட்டு வாங்கியவளுக்கு வாய்ப்பூட்டாகிவிட்டது. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை முறையிடும்போது, எந்த வார்த்தையாக இருந்தாலும் முழுசாகச் சொல்ல விடுங்கள். ‘யார் சொன்னது, எப்போது சொன்னது, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா’ என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் அனைவருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அதற்குள் படம் எடுத்து வைக்காவிட்டால் எங்களிடம் மிஞ்சுவது அந்த ஒற்றை வரிதான். பள்ளியிலும் அப்படித்தான் இனி. முறையிடச் சொல்லும் வார்த்தைக்கு யாருக்கும் தண்டனை கிடையாது. (ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு குரூப் எதற்கு என்பது தனிக் கடிதத்துக்கான விஷயம். அதுவும் வரும்.)

கெட்ட வார்த்தையே பேசாத உலகத்தை நான் கேட்கவில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டினால் யாரும் செய்யுள் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. 2009-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் கையைப் பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோது சராசரியாக அதிக நேரம் தாங்கினார்கள். அடுத்த ஆய்வில், தினமும் சரளமாகத் திட்டுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்றும் தெரிந்தது. (நம் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு இந்த இரண்டாவது ஆய்வைத்தான் சொல்லப்போகிறேன்.) தன் வலிக்குக் கத்துவது வேறு, ஓர் ஆளைக் குறிபார்த்து எறிவது வேறு. ஆளைக் குறிபார்த்த பிறகு எத்தனை நட்சத்திரம் போட்டாலும் போய்ப் படும் இடம் ஒன்றுதான்.

இன்னொரு வகை அடக்கமும் இருக்கிறது, அது சத்தமே போடாது. பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு, சந்தேகம் கேட்பதற்கென்றே ஆசிரியர் ஒரு குரூப் வைத்திருக்கிறார். அதில் ஒரு பையன் சுலபமான ஒரு கணக்கைக் கேட்டதற்கு, நட்சத்திரக் குறியும் சிரிப்புப் பொம்மையுமாக நான்கு பேர் அவனைப் பிய்த்தெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தேகம் வருவதே இல்லை. ‘டைப் செய்கிறார்னு பேர் வருது சார். போயிடுது. மறுபடி வருது, போயிடுது’ என்றார் ஆசிரியர். ஃபேஸ்புக் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 39 லட்சம் பேரை 17 நாட்கள் கவனித்தார்கள். 71 சதவீதம் பேர் ஒரு தடவையாவது எதையோ தட்டச்சு செய்துவிட்டு அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். ஆக, பிரேக் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. நம் குரூப்களில் அதைப் பிடிப்பவர்கள் யார் என்பதுதான் சங்கடம். திட்ட வேண்டும் என்று இருப்பவர் அனுப்பிவிடுகிறார். சந்தேகம் கேட்க வந்த பிள்ளை அழித்துவிடுகிறது.

எனவே சில முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன், இவற்றில் பேரம் கிடையாது. அடுத்த பருவத்திலிருந்து பள்ளியின் பெயரில் இருக்கும் எல்லாப் பெற்றோர் குரூப்களும், இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றப்படும். ஆளைத் தாக்கும் செய்தியை, நட்சத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வகுப்பாசிரியர் நீக்குவார். நீக்கும் முன் படம் எடுத்து வைப்பார். ஓர் ஆசிரியரை யாராவது இழிவாகப் பேசினால் அவர் அந்த குரூப்பை விட்டு விலகிக்கொள்ளலாம். அவரைத் திரும்பச் சேரச் சொல்லி நான் கேட்கமாட்டேன். புகார் இருந்தால் என் அறைக் கதவு திறந்திருக்கிறது, எதிரில் உட்கார்ந்து என்னைத் திட்டலாம். ஒரு பிள்ளையின் பெயரை எடுத்து இன்னொரு பெற்றோர் குரூப்பில் எழுதினால், மறுநாள் காலை அவர் என்னை வந்து பார்க்க வேண்டியிருக்கும். நாம் குரூப்பில் எப்படிப் பேசுகிறோமோ அப்படித்தான் கரும்பலகையில் வரும். வந்துவிட்டது.

கடுமையாகிவிட்டேனோ? நானும் யோக்கியன் இல்லை. இந்தக் கடிதத்தின் முதல் வரைவில் ஒரு வார்த்தை இருந்தது. துணைத் தலைமையாசிரியை சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘சார்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

பெரும்பாலான பெற்றோர் இந்தச் சண்டைகள் எதிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு இரவு அத்தனை சூட்டுக்கு நடுவில், ‘நாளைக்கு நேரில் பேசிக்கலாமே, பிள்ளைகள் படிக்கிறார்கள்’ என்று ஒரு தாய் எழுதியிருந்தார். யாரும் பதில் போடவில்லை. நான் இப்போது போடுகிறேன்: மிக்க நன்றி, அம்மா. ஏழாம் வகுப்பு மாணவியின் தந்தை மறுநாள் வந்து, ‘நான் அவசரப்பட்டுட்டேன் சார்’ என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கும் நன்றி. அந்தப் பையனின் பெற்றோர் எதையும் மறைக்காமல் அவன் போனைக் கொண்டுவந்து காட்டினார்கள். அது சுலபமான காரியம் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவனுக்கு அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுத்தாகிவிட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் இருவரும் அடுத்த பருவ ரிலே ஓட்டத்துக்கு நேரம் குறிக்கச் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் பள்ளியிலேயே இரண்டு இருக்கிறது, வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்