பறவைத் தீனி வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஐயா, அம்மா, அக்கா, தம்பிமார்களுக்கு வணக்கம்.

கடைத் தீனியில் பூஞ்சை என்று தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் படத்தை நாங்களும் பார்த்தோம். படத்தில் தெரிவது மழையில் நனைந்த தீனித் தட்டு, எங்கள் பாக்கெட் இல்லை. மூட்டை பிரிக்கும்போதே கைவிட்டுப் பார்ப்போம். கட்டி தட்டியிருந்தால் அது விற்பனைக்கு வராது. இதைக் கேட்காமலே படத்தை அனுப்பிவிட்டார்கள், பரவாயில்லை.

நம் ஊர் நவம்பர் மழையில் நனைந்த தினை சீக்கிரம் புளிக்கும், பிறகு முளைவிடும். மேலாகக் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஒட்டிய உமிதான் முதலில் கறுக்கும். அதன் மேலேயே புதுத் தீனியைக் கொட்டினால் அதுவும் கெடும். தட்டின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை நாலைந்து போடுங்கள். கூரைத் தகடு தட்டைவிட நாலு விரல் வெளியே நீளட்டும். காலையில் ஒரு கைப்பிடி போதும். மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறோம், மிச்சத் தீனிக்கு எலி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குளோராக்ஸ் (பிளீச்) 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து தட்டை 10 நிமிடம் ஊறவையுங்கள். நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே தீனி போடுங்கள்.

பனிநாட்டு வீடியோ பார்த்து, பறவைக்குத் தீனியாக வைக்கும் கொழுப்புக் கட்டி கேட்கிறவர்களுக்கு: அங்கே குளிர்கால இரவில் உடல் சூட்டைக் காக்கப் பறவைக்குக் கொழுப்பு உதவும். இங்கே வெயிலில் உருகி இறகில் ஒட்டும், சிக்கு வாடையும் அடிக்கும். அதனால்தான் வரவழைக்கவில்லை. வடக்கேயிருந்து இப்போது வந்து கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் பறந்தபடியே பூச்சி பிடிப்பது. எதை வைத்தாலும் தட்டுக்கு வராது. தினைக்குச் சிட்டுக்குருவியும், மலாயில் பிப்பிட் என்று சொல்லும் சில்லையும் வரும். மெர்போக் என்ற சின்னப் புறா தரையில் மேய்கிற ஜாதி, தொங்கும் தீனிக் குழாயில் சிரமப்படும். அதற்கு அகலத் தட்டுதான் சரி. பூனை பதுங்கும் செடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மெர்பா என்ற கொண்டைக்குருவிக்குத் தினை வேண்டாம், பழுத்த பப்பாளித் துண்டு வையுங்கள். இதற்கு எங்களிடம் காசு கொடுக்க வேண்டியதே இல்லை.

லாரி வாடகை ஏறியதால் 1 கிலோ பாக்கெட் இனி 800 கிராம், விலை பழையதே.

படத்தைப் பார்த்த பிறகும் வழக்கம்போல வந்து வாங்கியவர்களுக்கும், குழுவில் எங்களுக்காக இரண்டு வார்த்தை எழுதியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக்கமான மூடியுள்ள வாளியில் கொட்டி வையுங்கள். சந்தேகம் இருந்தால் வாளியோடு கடைக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தீனிக்கடை