உழுபவருக்குத்தானே உதவித்தொகை?

ஐயா,

மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக விவசாயிகளின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பட்டாவில் பெயர் இருந்தால்தான் இந்தப் பணம் கிடைக்கும். காவிரி டெல்டாவில் கோயில் நிலங்களையும் வெளியூர்க்காரர்களின் நிலங்களையும் சாகுபடி செய்வதோ குத்தகைதாரர்கள். விதைநெல்லுக்கும் டிஏபி உரத்துக்கும் நடவுக்கூலிக்கும் வீட்டு நகையை அடகு வைப்பவர் இங்கே இருக்கிறார். தவணை போய்ச் சேர்வது சென்னையில் குடியிருக்கும் பட்டாதாரருக்கு. இது என்ன நியாயம்?

குத்தகைதாரரை அடையாளம் காண்பது கடினம் என்பதை ஏற்க முடியாது. தமிழகத்தில் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்கு கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கொடுக்கும், யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் சாகுபடி அடங்கல் செல்லும்போது, கிசானுக்கு மட்டும் ஏன் செல்லாது? ஒடிசா அரசு தன் 'காலியா' விவசாய உதவித் திட்டத்தில் குத்தகை விவசாயிகளையும் சேர்த்ததே! 2020-ல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாத பலர் இந்தப் பட்டியலில் புகுந்தார்கள். சேற்றில் இறங்கி உழைப்பவரின் பெயர்தான் இன்னும் ஏறவில்லை.

மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். அதுவரை, அடங்கலை ஆதாரமாகக் கொண்டு குத்தகை விவசாயிகளுக்கு மாநில அரசாவது உதவித்தொகை வழங்க வேண்டும்.

- குத்தகை விவசாயி ஒருவர், மன்னார்குடி