பயந்தது யோனா அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அச்சத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடவுள் பேச்சைக் கேட்காதவனுக்கு மனக்கலக்கம்தான் கூலி என்று சொல்லி, விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் யோனாவைச் சாட்சிக்கு அழைத்திருந்தார் கட்டுரையாளர். யோனா பிறழ்சாட்சி ஆகிவிட்டாரே!

நினிவே நகருக்குப் போ என்று கடவுள் சொன்னால், யாப்பா துறைமுகத்தில் கட்டணம் கட்டி தர்சீசுக்குக் கப்பல் ஏறியவர் அவர். புயல் அடித்தபோது அடித்தட்டில் படுத்து நன்றாகத் தூங்கினார். நடுநடுங்கி, அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டு, சரக்கைக் கடலில் கொட்டியது ஒரு தப்பும் செய்யாத மாலுமிகள்.

பாம்பன்காரிக்கு இது புதிதில்லை. சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகையில், துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பும் வந்துவிட்டது. "கூண்டு ஏறியிருக்கு, காத்து எங்கே இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். முந்தின நாள் விட்ட நண்டு வலையை எடுக்காவிட்டால் வலை போய்விடும், வலைக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். அதுவும் உண்மைதான். எங்கள் படகான வல்லத்தில் இன்னும் மூன்று பேர். ஒருவன் என் தம்பி மகன். மாமா கூப்பிட்டால் மறுக்காத பிள்ளை.

மத்தியானத்துக்கு மேல் வாடை பிடித்துக்கொண்டது. செபமாலையோடு கரையில் உட்கார்ந்தேன். மாலையின் மூன்றாவது மணிக்கு மேல் விரல் நகரவில்லை. பக்கத்தில் தம்பி மனைவி. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு பதினொரு மணிக்கு வல்லம் வந்தது, வலை இல்லாமல். அவர் சோறு தின்றார், படுத்தார், குறட்டை விட்டார். எனக்கோ அந்த வாரம் முழுக்க வேலி ஓலை சலசலத்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழ்ப்படியாதவர்களைச் சருகுச் சத்தம்கூட விரட்டும் என்கிறது விவிலியத்தின் லேவியர் நூல். கூண்டை மதிக்காதவர் தூங்க, அந்தச் சத்தம் எனக்கு ஏன் கேட்டது?

அதே விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. இனிமேல் பயணம் ஆபத்து என்கிறார், கைதியாக ரோமுக்குக் கப்பலில் போகும் திருத்தூதர் பவுல். காவலுக்கு வந்த ரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் அவரை விட்டுவிட்டுக் கப்பலோட்டியையும் கப்பல் முதலாளியையும் நம்புகிறார். தென்றல் மெல்ல வீசுகிறது. அது போதும், நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டு 'காத்து எங்கே'தான்! அப்புறம் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று, 14 நாள் அலைக்கழிப்பு, கப்பலில் 276 உயிர். "என் பேச்சைக் கேட்டிருக்கலாம்" என்று பவுலும் சொல்லத்தான் செய்தார், ஒரே தடவை. ஒருவரும் சாக மாட்டீர்கள் என்று உடனே தைரியம் சொல்லி, அப்பம் பிட்டு, எல்லோரையும் சாப்பிட வைத்தார்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் அங்கிருந்தவர்களின் பாவத்தால்தான் என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ரயிலோடு போனவர்கள் எந்தச் சொல்லை மீறினார்கள்? எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் என்ன மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவர் இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லியிருக்கிறார். மனம் மாறச் சொன்னது, செத்தவர்களைப் பற்றிக் கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களை.

இன்னொன்று. புயல் என்னால்தான், என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று யோனாவே சொன்ன பிறகும் அந்த மாலுமிகள் உடனே போட்டுவிடவில்லை. கரை சேர்க்க முடியுமா என்று தண்டு வலித்துப் பார்த்தார்கள். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.